ஒன்பது அங்குல காடிலாக்

சிற்றுருக்களின் கதை – 17

1959-ஆம் ஆண்டு வெளிவந்த காடிலாக் எல்டொராடோ பியாரிட்ஸ் காரின் நீளம் 225 அங்குலம். பதினெட்டே முக்கால் அடி. இதை இருபத்தைந்தால் வகுத்தால் மீதியில்லாமல் ஒன்பது அங்குலம் வருகிறது. அமெரிக்க மாடல் கார் கம்பெனிகள் பெரும்பாலும் கைக்கொண்ட அளவு இந்த இருபத்தைந்தில் ஒன்றுதான். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய கன்வெர்டிபிள் அந்த பியாரிட்ஸ். பின்பக்கம் ராக்கெட்போல எழும்பும் இரண்டு வால்துடுப்புகள், ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவில் இரட்டைச் சிவப்பு விளக்குகள். அமெரிக்கக் கார் என்றதும் உலகில் எவர் மனத்திலும் எழும் படம் பெரும்பாலும் இதுதான். ஆனால் காடிலாக் அந்த வருடம் செய்த பியாரிட்ஸ் வெறும் 1,320. ஆயிரத்துச் சொச்சம் வண்டிகள் ஓடிய ஒரு கார் உலகம் முழுக்க எப்படி முகம் தெரிந்ததாயிற்று? சினிமாவுக்கும் புகைப்படத்துக்கும் அதில் பங்குண்டு. மீதி வேலையை அலமாரிகளிலும் மேசைகளிலும் உட்கார்ந்திருந்த ஒன்பது அங்குல, ஐந்து அங்குல, மூன்று அங்குல வண்டிகள் செய்தன.

சென்ற அத்தியாயத்தில் பொம்மை ரயில்களோடு நின்றோம். கார் மாடலின் கதை அதிலிருந்து ஓர் இடத்தில் விலகுகிறது. அமெரிக்கக் கார் மாடலைப் பெற்று வளர்த்தது பொம்மைக் கடை அன்று. கார் ஷோரூம்தான் அதற்குத் தாய்வீடு.

அதைப் புரிந்துகொள்ள, கன்வெர்டிபிள் என்ற வண்டி அந்த ஷோரூமில் என்ன வேலை பார்த்தது என்று முதலில் தெரிய வேண்டும். கூரையை எடுத்துவிட்டால் காரின் உடம்பு தளர்ந்துபோகும். அதை ஈடுகட்ட அடிச்சட்டத்தைக் கூடுதல் இரும்பால் இறுக்க வேண்டும். கூரையைத் தூக்க ஹைட்ராலிக் பம்பு, மடங்கும் சட்டம், துணி. எடையும் கூடும், விலையும் கூடும், மழையில் ஒழுகவும் செய்யும். எனவே கண்ணாடிக்கு வெளியே நின்று கன்வெர்டிபிளைப் பார்த்து உள்ளே நுழைந்தவர், பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொண்டு நாலு கதவு செடானுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். டீலர்களுக்கு இது தெரியும். விற்பதற்கு என்பதைவிட, கூப்பிடுவதற்கே அதை முன்னால் நிறுத்தினார்கள். 1953-இல் வந்த முதல் எல்டொராடோவின் விலை 7,750 டாலர். செய்தது 532 வண்டி. அதிபர் ஐசனோவர் தம் பதவியேற்பு ஊர்வலத்தில் அதில் நின்றபடி போனார். அந்த 532 வண்டிகளால் காடிலாக் கண்ட லாபம் விற்பனைக் கணக்கில் தேடினால் கிடைக்காது, மற்ற காடிலாக்குகள் விற்றதில்தான் தேட வேண்டும்.

ஆக, கன்வெர்டிபிளே ஒரு காட்சிப்பொருள். அதன் மாடல், காட்சிப்பொருளுக்கு ஒரு காட்சிப்பொருள். நம் கதையின் முடிச்சு இங்கேதான்.

பெரிய காருக்கு முன்பே சின்னக் கார் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாலிவுட்டில் நடிகர்களுக்குத் தனிப்பட்ட கார்கள் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஹார்லி எர்ல் 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தபோது, கூடவே களிமண்ணையும் கொண்டுவந்தார். அதற்கு முன் கார் வடிவம் பெரும்பாலும் பொறியாளர் வரைபடத்திலும் தகரக் கொல்லரின் சுத்தியலிலும் பிறந்தது. எர்லின் கூடத்தில் அது சிறு அளவுக் களிமண் உருவாக முதலில் எழுந்தது. எட்டில் மூன்று பங்கு அளவில் ஒன்றைச் செய்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, வழித்து, அப்பி, பிடித்திருந்தால்தான் முழு அளவு. முழு அளவுக் காரே அந்தச் சிறிய உருவின் பெரிய நகல் என்று சொன்னால் மிகையில்லை.

அதே ஜெனரல் மோட்டார்ஸ், நாடெங்கும் உள்ள பையன்களையும் மாடல் செய்ய வைத்தது. அதன் உடல்கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி 1930-இல் தொடங்கிய 'கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்டு' என்ற போட்டி அது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரைக் கோச்சு வண்டியின் சிற்றுருவைச் செய்யச் சொன்னார்கள், ஏனெனில் அந்தக் கோச்சுதான் ஃபிஷர் பாடியின் சின்னம். சக்கரம், கதவுத் தாழ், மெத்தைத் தையல் என்று ஒவ்வொன்றையும் பையனே செதுக்க வேண்டும். பிறகு 1937-இல், நீயே ஒரு காரை யோசித்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய் என்ற பிரிவையும் சேர்த்தார்கள். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பதை இன்று யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் முப்பத்தெட்டு வருடம், 1968 வரை, கார் வடிவமைப்பாளர்களை வலைவீசிப் பிடிக்க இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி எதையும் எந்தக் கார் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வலையில் 1947-இல் விழுந்த மீன் சக் ஜோர்டன். எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பையன். மாடலுக்குப் பரிசு வாங்கினார், படிப்பை முடித்து ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார், பின்னாளில் அதன் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவரானார். நம் காடிலாக்கின் கதையில் அவர் வருமிடம் 1956. டெட்ராய்ட்டை ஒட்டிய வாரன் நகரில், மவுண்ட் ரோடு வழியாக மதிய இடைவேளையில் போய்க்கொண்டிருந்தவர், கிரைஸ்லர் கம்பெனியின் வேலிக்குள் இன்னும் கடைக்கு வராத 1957 மாடல் பிளைமவுத் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டார். தாழ்ந்த உடம்பு, மெல்லிய கூரை, வானைக் குத்தும் வால்துடுப்பு. ஓடிவந்து சக ஊழியர்களிடம் சொல்ல, அவர்களும் போய் வேலிக்கு வெளியே நின்று வாய்பிளந்தார்கள். ஹார்லி எர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். 1959-க்கென்று அவர் ஒப்புதலோடு உருவாகிவந்த கனத்த, உருண்ட வடிவங்கள் ஒதுக்கப்பட்டன. அவருக்கு அடுத்த இடத்திலிருந்த பில் மிட்செல் தலைமையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தார்கள். அந்தப் பீதியில் பிறந்ததுதான் 1959 காடிலாக்கின் ராக்கெட் வால். ஜோர்டன் 1957-இல் காடிலாக்கின் தலைமை வடிவமைப்பாளரானார். மாடல் செய்த பையன் கார் செய்தார். அந்தக் காரை வேறு பையன்கள் மாடலாகச் செய்யப் போகிறார்கள்.

இனி ஷோரூமுக்கு வருவோம்.

1948-இல் டெட்ராய்ட் பகுதி வழக்கறிஞர் வெஸ்ட் கலோக்லி, பகுதிநேரத் தொழிலாக ஒரு சிறு கம்பெனி தொடங்கினார். 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்று பெயர். முதல் சரக்கு, அலுமினியத்தில் வார்த்த ஃபோர்டு செடான். அதற்கு அடித்தது பொம்மைக் கம்பெனிப் பெயின்ட் அல்ல, ஃபோர்டு தன் கார்களுக்கு அடித்த அதே பெயின்ட். விற்றதும் ஃபோர்டு டீலர்கள் வழியாக. சீக்கிரமே அலுமினியம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. பெயரில் மட்டும் அலுமினியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏ.எம்.டி. என்று முதலெழுத்துகளோடு சுருக்கிக்கொண்டார்கள். அதே காலத்தில் டெட்ராய்ட்டிலேயே ஜான் ஹேன்லி என்பவரின் ஜோ-ஹான் கம்பெனியும் வளர்ந்தது. காடிலாக்கின் ஷோரூம் மாடல்களைப் பல வருடங்கள் செய்தவர்கள் இவர்கள்தான். மில்வாக்கியில் புராடக்ட் மினியேச்சர் கம்பெனி இருந்தது. சிகாகோவில் பேன்த்ரிகோ, உலோகத்தில் கார் வடிவ உண்டியல்கள் வார்த்தது.

இந்த ஷோரூம் மாடல்களை அந்த வட்டாரத்தில் 'புரோமோ' என்பார்கள். விலைக்கு வாங்கும் பொம்மை அன்று, விளம்பரச் சரக்கு. அப்பா புதுக் காரைப் பார்க்க வருவார், கூடவே பையன் வருவான். அப்பா யோசிக்கும் நேரத்தில் பையன் கையில் அதே கார், அதே நிறத்தில். பையன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் ஓட்டுவான். அப்பா எவ்வளவு நாள்தான் பார்க்காததுபோல் இருப்பார்? விற்பனையாளன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இதற்காகக் கார் கம்பெனிகள் தங்கள் ரகசியத்தையே வெளியே கொடுத்தன என்பதுதான் வேடிக்கை. புதுக் காரின் முகம் எப்படியிருக்கும் என்பதைக் காக்க உறையிட்டு மூடிய லாரி, பூட்டிய கூடம், காவல் எல்லாம் வைத்தவர்கள், அந்தக் காரின் வரைபடங்களை மாடல் கம்பெனிக்குப் பல மாதங்கள் முன்பே தந்தார்கள். தராமல் முடியாது. எஃகு அச்சு வெட்ட மாதக்கணக்கில் ஆகும். கார் ஷோரூமுக்கு வரும் அன்றே மாடலும் வர வேண்டும். முதலில் பெரிய அளவில் மரத்தில் ஒரு மாதிரி செதுக்குவார்கள். பான்டோகிராஃப் என்ற கருவியின் ஒரு முனை அந்த மரத்தின்மேல் தடவிக்கொண்டே போகும், மறுமுனையிலுள்ள வெட்டுளி அதே அசைவைச் சுருக்கி எஃகில் வெட்டும். கடைசியில் ஒரு கைவினைஞர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து எழுத்துகளையும் கிரில் கோடுகளையும் சீர்செய்வார்.

கன்வெர்டிபிள் மாடல் இந்தப் பட்டறைகளுக்குத் தனித் தலைவலி கொடுத்தது. மூடிய காரில் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. தொடக்க கால செடான் மாடல்கள் பலவற்றில் உள்ளே வெறும் காற்றுதான். கூரையில்லாத காரில் அந்தத் தில்லுமுல்லு செல்லாது. இருக்கை வேண்டும், இருக்கையில் மடிப்பு வேண்டும், ஸ்டீயரிங், டாஷ்போர்டு, அதில் வேகமானி எல்லாம் வேண்டும். மடக்கிய கூரையின் மேலுறை முதுகுப்பக்கம் புடைத்திருக்க வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தைத் தாங்க மேலே கூரை இல்லாததால் அது தனியே நிற்கும் ஒரு மெல்லிய வளைவு. இன்று கிடைக்கும் பழைய கன்வெர்டிபிள் மாடல்களில் முதலில் பாருங்கள், அந்தச் சட்டம்தான் ஒடிந்திருக்கும். நிஜக் காருக்கு இருந்த நோய் அப்படியே சின்னதுக்கும் இறங்கியிருக்கிறது.

இன்னொரு நோய் பிளாஸ்டிக்கினுடையது. 1950-களின் புரோமோக்களைச் செல்லுலோஸ் அசிடேட்டில் வார்த்தார்கள். நல்ல பளபளப்பு உண்டு, ஆனால் வருடங்கள் போகப் போக அது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். நடு முதுகு தூக்கி, மூக்கும் வாலும் தொங்கி, வாழைப்பழம்போல் வளைந்த காடிலாக்குகளை இன்றும் சேகரிப்பாளர்களிடம் காணலாம். 1960-களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீன் வந்தபின் இது தீர்ந்தது.

1958 ஒரு திருப்பம். புரோமோவுக்கென்று இவ்வளவு செலவில் வெட்டிய அச்சு, டீலர்களின் தேவை தீர்ந்ததும் சும்மா கிடக்கிறதே என்ற யோசனை ஏ.எம்.டி.க்கு வந்தது. அதே உடலைக் கழற்றிய துண்டுகளாகப் பெட்டியில் போட்டு, பசை வைத்து நீயே ஒட்டிக்கொள் என்று கடையில் விற்றால்? அப்படி வந்தது 'த்ரீ இன் ஒன்' கிட். ஒரே பெட்டியில் மூன்று விதம். ஷோரூமில் உள்ளதுபோல் அச்சு அசலாகக் கட்டலாம், தாழ்த்தி அலங்கரித்து ஊர்சுற்றும் வண்டியாக்கலாம், பந்தய வண்டியாகவும் ஆக்கலாம். மாடலின் உடம்பு ஒரே வார்ப்பாக வந்தது இதில் பெரிய வசதி. அச்சின் பக்கச் சுவர்கள் நாலாபுறமும் வழுக்கி விலகும்படி அமைத்தால், கதவுக் கோடு, வால்துடுப்பு, விளக்குக்குழி எல்லாம் பதிந்த முழு உடலையும் சேதமின்றி வெளியே எடுக்கலாம். அதற்கு முன் போட்டிக் கம்பெனிகளின் கிட்களில் பக்கம் வேறு, முன்புறம் வேறு, பின்புறம் வேறு. பத்து வயதுப் பையன் ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒருநாளும் சேராது. ஏ.எம்.டி.யில் இந்த வேலைகளில் முக்கியமானவராயிருந்த ஜார்ஜ் டோட்டெஃப் 1963-இல் வெளியேறி எம்.பி.சி. என்ற போட்டிக் கம்பெனியைத் தொடங்கினார்.

இனி நான் மிகவும் வருந்துகிற பகுதி. டெட்ராய்ட் வருடாவருடம் காரின் முகத்தை மாற்றியது. போன வருடக் காரை வைத்திருப்பவனுக்கு அது பழசாகத் தோன்ற வேண்டும் என்பதே திட்டம். மாடலும் கூடவே மாற வேண்டும். ஒவ்வொரு வருடமும் புது அச்சு வெட்டினால் கட்டுபடியாகாது. ஆகவே பழைய நகையை அழித்துப் புதிது செய்வதுபோல், போன வருட எஃகு அச்சையே தோண்டி, நிரப்பி, திருத்தி இந்த வருடத்துக்கு ஆக்கினார்கள். 1961 பிறக்கும்போது 1960 அழிந்தது. திரும்பவும் அந்த 1960-ஐ வார்க்க வழியே இல்லை. பல கன்வெர்டிபிள் மாடல்கள் அந்த ஒரு வருடம் வார்த்ததோடு சரி. பையன்கள் அவற்றை ஒட்டி, உடைத்து, பட்டாசு வைத்துக் கொளுத்தி முடித்தார்கள். ஒட்டாமல் பெட்டியிலேயே தப்பியவற்றிலும் ஒரு விபரீதம் நேர்ந்தது. டயரை வினைலில் செய்திருந்தார்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் மெல்லக் கசிந்து, டயர் எங்கே தொட்டுக்கொண்டு கிடந்ததோ அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கிக் குழியாக்கிவிட்டது. பெட்டியைத் திறக்காமல் பத்திரப்படுத்தியவர்கள் இழந்ததும் உண்டு.

ஷோரூம் தூண்டிலும் சின்னக் காரும் ஒன்றாகச் சேர்ந்து உச்சத்தைத் தொட்ட வருடம் 1964. ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்தது. கூரை வைத்ததன் விலை 2,368 டாலர், கன்வெர்டிபிள் 2,614. மாடலை ஏ.எம்.டி. செய்தது. அதோடு நிற்காமல், குழந்தை உள்ளே உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டும் மஸ்டாங்கையும் ஃபோர்டு தன் டீலர்களிடம் 12 டாலர் 95 சென்ட்டுக்கு வைத்தது. திறந்த வண்டியேதான், வேறெப்படி? அந்த வருடக் கிறிஸ்துமஸ் பருவத்தில் மட்டும் 93,000 மிதி மஸ்டாங் விற்றதாக ஃபோர்டின் கணக்கு. நிஜ மஸ்டாங்கில் அந்த நீண்ட முதல் பருவம் முழுக்க விற்ற கன்வெர்டிபிள் 1,01,945. மொத்தம் விற்றதோ 6,80,989. ஆறில் ஒன்றுகூட இல்லை, ஆனால் படத்திலும் பெட்டியிலும் முன்னால் நின்றது அதுதான்.

தூண்டிற்புழுவையே விலைக்குக் கேட்ட கதை ஒன்றும் இந்த மஸ்டாங்கில் உண்டு. வரிசை எண் ஒன்று இட்ட வெள்ளை கன்வெர்டிபிளை, காட்சிக்கு மட்டும் என்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு விமானி பார்த்தார், கேட்டார், டீலர் விற்றுவிட்டார், அதுவும் அறிமுக நாளுக்கு முன்பே. ஃபோர்டு பதறிப்போய்க் கேட்டும் அவர் உடனே கொடுக்கவில்லை. ஆசைதீர ஓட்டினார். 1966-இல் பத்து லட்சத்தை எட்டிய மஸ்டாங்கைப் பதிலுக்குக் கொடுத்துத்தான் அதைத் திரும்ப வாங்க முடிந்தது. இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடல்கடந்தும் இந்த வண்டிகளுக்குச் சின்ன உருவில் கிராக்கி இருந்தது. லிவர்பூலில் டிங்கி டாய்ஸ் 1950-களின் நடுவில் காடிலாக் எல்டொராடோவையும் பாக்கார்டு கன்வெர்டிபிளையும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. இரண்டிலும் ஓட்டுநர் பொம்மை உட்கார்ந்திருக்கும். போருக்குப்பின் பங்கீட்டில் வளர்ந்த பிரிட்டிஷ் பிள்ளைகள் தெருவில் பார்த்திராத கார்கள் அவை. வேல்ஸில் கார்கி டாய்ஸ் திறந்த ஃபோர்டு தண்டர்பேர்டைச் செய்தது.

பிறகு அமெரிக்காவிலேயே கன்வெர்டிபிள் செத்தது. ஏர் கண்டிஷன் வந்தபின் வெயிலில் திறந்துகொண்டு போக ஆளில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றிரைச்சல் காதைக் கிழித்தது. வண்டி உருண்டால் தலை தப்பாது, அரசு தடை கொண்டுவரும் என்ற பேச்சு வேறு. 1976 ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட் கிளார்க் தெருத் தொழிற்சாலையிலிருந்து கடைசி எல்டொராடோ கன்வெர்டிபிள் வெளியே வந்தது. அமெரிக்காவின் கடைசி கன்வெர்டிபிள் என்றே விளம்பரம். அந்த வருடம் செய்த 14,000-இல் பலவற்றை வாங்கியவர்கள் ஓட்டவில்லை. பிரிக்காத கிட் பெட்டியைப்போல் கொட்டகையில் மூடிவைத்து விலை ஏறும் என்று காத்திருந்தார்கள். நிஜக் கார் மாடலாகிவிட்ட காலம் அது. 1982-இல் கிரைஸ்லர் லெபாரன் கன்வெர்டிபிள் வந்தது, 1984-இல் காடிலாக்கே மறுபடி எல்டொராடோ கன்வெர்டிபிளை விற்றது. கடைசி என்று நம்பி வாங்கியவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிதாக இரக்கம் வரவில்லை.

ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் மாடல் உலகம் வயதுக்கு வந்தது. 1960-களில் பசை நாற்றத்தோடு வளர்ந்த பையன்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் புரூக்ளின் என்ற சிற்றூரில் ஜான் ஹால் 1974-இல் வெள்ளை உலோகத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கக் கார்களை வார்க்கத் தொடங்கினார். ஊர்ப் பெயரே கம்பெனிப் பெயராயிற்று. சில வருடத்தில் இங்கிலாந்தின் பாத் நகருக்குப் பட்டறையை மாற்றிக்கொண்டார். ஃபிராங்ளின் மின்ட், டேன்பரி மின்ட் போன்ற கம்பெனிகள் கதவு திறக்கும், ஸ்டீயரிங் திரும்பும் உலோக கன்வெர்டிபிள்களைத் தபால் வழியே பெரியவர்களுக்கு விற்றன. இவை யாருக்கும் புதுக் கார் விற்பதற்காக அல்ல. தூண்டில் போய்விட்டது, புழு மட்டும் மிச்சம். மோனோகிராம் கம்பெனி 1959 பியாரிட்ஸை இருபத்தைந்தில் ஒரு பங்கில் பிளாஸ்டிக் கிட்டாகக் கொண்டுவந்தது, நிஜக் கார் வந்து ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து. இந்த முறை யாரும் வரைபடத்தை முன்கூட்டி நீட்டவில்லை. பழைய காரைத் தேடிப்பிடித்து அளவெடுக்கும் முறைதான்.

பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் சொன்னேன், தகரத்தைச் சொல்லவில்லை. அதற்கு டெட்ராய்ட்டை விட்டு ஜப்பானுக்குப் போக வேண்டும். 1945 கடைசியில், தோற்றுப்போன நாட்டின் ஓட்ஸு நகரில், மத்ஸுஸோ கோசுகே என்ற பொம்மைக்காரர், அமெரிக்கப் படைவீரர்கள் தின்றுவிட்டு எறிந்த டப்பாக்களை நிமிர்த்தி ஒரு ஜீப் செய்து கியோட்டோ கடையில் பத்து யென்னுக்கு விற்றார். ஐந்தாறு வருடத்தில் அதே கைகள் தகரத்தில் ஒரு காடிலாக் செய்து அமெரிக்காவுக்கே கப்பலேற்றின. அது அடுத்த அத்தியாயத்தில்.